வெங்காயம் நறுக்கிய வேட்டைக்கத்தி

மான் வேட்டைக்குப் போகிறவர் முதுகுப்பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இத்தனைக்கும் நான் பிறவிச் சைவம். ஜெர்மனிக்கு வந்த புதிதில், கேக்கில் முட்டை உண்டா என்று ஒரு கடைக்காரப் பெண்ணிடம் விசாரித்து, ‘முட்டை இல்லாமல் எப்படிச் செய்வதாம்?’ என்று அவள் திருப்பிக் கேட்டதும் வெறும் ரொட்டியோடு வெளியே வந்தவன். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு வேட்டைப்பையை அடுக்கினேன். அதையும் ஒழுங்காக அடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிட மோசம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஆகன் நகரில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில், உருக்கு ஏன் உடைகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் வாடகைக்கு எடுத்து நாங்கள் இருவர் இருந்தோம். மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போடும் வேலை. நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை ‘ஐசே’ என்பார். அவர் ஊரில் கூட்டாளிகள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். அந்த நகரத்தில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் அவர், அவருக்கு நான். கிடைத்த தமிழில் முக்கால்வாசியை ஒருவரையொருவர் கேலி செய்வதிலேயே செலவழித்தோம். என் சாம்பார் அவருக்குப் ‘பருப்புத் தண்ணி’. அவருடைய தேங்காய்ப்பால் சொதி எனக்குக் ‘காய்ச்சல்காரர் கஞ்சி’.

அண்ணை ஒரு ஜெர்மன் பெண்ணை விரும்பினார். நகரத்துக்குத் தெற்கே ஐஃபல் காடுகளின் ஓரத்தில் ஒரு கிராமம் அந்தப் பெண்ணின் ஊர். அப்பா மர அறுப்பு ஆலை வைத்திருந்தார். ஊர்க் காட்டில் வேட்டையாடும் குத்தகையும் அவரிடமே இருந்தது. மாப்பிள்ளை கறுப்பாக இருப்பதைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டை தெரியாதவராக இருப்பதைப் பற்றித்தான் சொன்னார். அவர் குடும்பத்தில் பெண் எடுத்த எல்லாரும் காட்டில் பரண் ஏறியவர்கள். ஆகவே அண்ணை வேட்டை உரிமத் தேர்வுக்குப் படித்தார். அந்த ஊரில் அது சாதாரணத் தேர்வு இல்லை. மானின் பல்லைப் பார்த்து வயது சொல்ல வேண்டும், ஈரலைப் பார்த்து நோய் சொல்ல வேண்டும். மாலை நேரங்களில் நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். ஈரல் படங்கள் வரும் பக்கங்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு புரட்டுவேன்.

“கண்ணை மூடிக்கொண்டு கேள்வி கேட்டால் நான் சொன்ன மறுமொழி சரியோ பிழையோ எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?” என்பார்.

“உங்க குரல்ல தெரியும் அண்ணை. தப்புன்னா சத்தம் கூடும்.”

அவர் தேறினார். பெண்ணின் தந்தை தன் வாக்கைச் சொன்னார். மே மாதம் பருவம் திறந்ததும் ஓர் ஆண் மானை அண்ணை சுட வேண்டும். சுட்டால் போதாது, பிறகு செய்ய வேண்டிய எல்லாவற்றையும் தன் கையால் முறையாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே ஊர் விடுதியில் எல்லாருக்கும் பியர் வாங்கிக் கொடுத்து நிச்சயத்தை அறிவிப்பார். கோடையில் திருமணம். பெண் இதில் அவசரப்பட்டார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். தாயார் என்றால் உடம்புக்கு ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு ‘அப்படியா’ என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அண்ணைக்கு மதியம் வரை வேலை. பையை நான் அடுக்குகிறேன் என்று முன்வந்தேன். உருக்குத் துண்டுகளை ஒன்றோடொன்று உரசாமல் பெட்டியில் அடுக்குகிற ஆள் நான், இது என்ன பிரமாதம் என்று பெருமையடித்துக்கொண்டேன். உண்மையில் நன்றாகவே அடுக்கினேன். மானைச் சுற்றி எடுத்துவர ரப்பர் பூசிய துணி அடியில். அதன்மேல் இழுத்துவரக் கயிறு. பரணில் போட்டு உட்காரக் கம்பளித் துண்டு. தோட்டாக்கள் குலுங்காதபடி தோல் பைக்குள். உரிமத்தாள் மழையில் நனையாதபடி எண்ணெய்த் துணியில். டார்ச், கட்டுத்துணி, மாற்றுக் காலுறை, தொலைநோக்கி, வெந்நீர்க் குடுவையில் தேநீர். உலோகமும் உலோகமும் தொடும் இடங்களில் எல்லாம் கைக்குட்டையைச் செருகினேன்.

அண்ணை வேலை முடிந்து வந்து, மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு பையைச் சுற்றி நடந்தார்.

“தேத்தண்ணிக்கை ஏலக்காய் போட்டனீரோ?”

“ரெண்டே ரெண்டு.”

“எடும் ஐசே! மான் மூக்காலை பாக்கிற சீவன். ஏலக்காய் மணத்துக்குப் பெல்ஜியம் மட்டும் ஓடிப்போயிடும்.”

“ஓடட்டுமே. அங்கேயாவது நிம்மதியா இருக்கட்டும்.”

“நீர் ஆரின்ர பக்கம்?”

“மான் பக்கம்தான். உங்களுக்குப் பை மட்டும்தான் அடுக்கித் தரேன்.”

எலுமிச்சம் சாதப் பொட்டலத்தையும் அவர் வெளியே எடுத்து வைத்தார். “பரணிலை இருந்து சோறு குழைக்கப் போறீரோ?” என்றார். பிறகு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதற்கான சிறிய ரப்பர் குப்பியை எடுத்து அழுத்தினார். வெள்ளைத் தூள் மெல்லப் பறந்தது. அடுப்புச் சாம்பல் போட்டு வைக்கும்படி பெண்ணின் தந்தை சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவது? அம்மா பழனியிலிருந்து அனுப்பிய விபூதியை நிரப்பியிருந்தேன்.

அண்ணை முகர்ந்து பார்த்தார். கண் விரிந்தது. “அட பாவி!” என்றார். உடனே முகம் மாறிச் சிரித்தார். “பரவாயில்லை. அவரும் வேடன் வேசம் போட்டுத்தானே பொம்பிளை எடுத்தவர். என்ர நிலைமை அவருக்கு விளங்கும்.”

இனிக் கத்தி. மானைச் சுட்டவுடன் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இறைச்சி கெட்டுவிடும். வேட்டைக்காரரின் பையில் எது இல்லாவிட்டாலும் கத்தி இருக்க வேண்டும். அண்ணை சோலிங்கனுக்கே போய் மான்கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்று வாங்கிவந்து, தன் மேசை இழுப்பறையில் வைத்து, தினமும் இரவு படுக்குமுன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. இன்று மாலை வரை அது மாமிசம் படாத கத்தி. முதல் சாப்பாடாவது சைவமாக இருக்கட்டும் என்று, அன்று காலை சாம்பாருக்கு வெங்காயத்தை அதில்தான் நறுக்கினேன். சாப்பிட்டு முடித்ததும் அதை அவரிடமே சொல்லிச் சிரித்தேன்.

“என்ர கத்தியாலையோ? கழுவும் ஐசே, சவர்க்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவும்!”

இரண்டு தரம் கழுவினேன். ஈரம் காயட்டும் என்று பாத்திரத் தட்டில் தம்ளர்களுக்கு நடுவே நிறுத்தி வைத்தேன். அதன் தோலுறை பையின் வெளிப்பாக்கெட்டில் இருந்தது.

நாலு மணிக்குப் புறப்பட்டோம். துப்பாக்கியை அண்ணை எடுத்துக்கொண்டார், துணைக்குப் போகிற நான் பையை மாட்டிக்கொண்டேன். படியிறங்கும்போது கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து தலையை நீட்டி, “எங்கே புறப்பட்டுவிட்டீர்கள்?” என்று அன்போடு கேட்டார். நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் இயற்பியல் படித்தவன். அண்ணை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கிறவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“நான் உந்தச் சகுனத்தை நம்பிறதில்லை,” என்றார் அண்ணை.

“நானும்தான்.”

“எண்டாலும் ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டுப் போவம்.”

மேலே ஏறிப்போய்ச் சமையலறையில் நின்று ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் குடித்தோம். தம்ளரை எடுத்த தட்டிலேயே கத்தியும் நின்றது. சகுனத்தைப் பார்க்கத் திரும்பிப் போன நாலு கண்களில் ஒன்றுகூட அதைப் பார்க்கவில்லை. புறப்படும்போது அண்ணை என் முதுகுப் பக்கம் கையை விட்டு வெளிப்பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். தோலுறை விறைப்பாகத் தட்டுப்பட்டது. “எல்லாம் இருக்கோ?” என்றார். “எல்லாம் இருக்கு,” என்றேன்.

அவருடைய பழைய காரில் பாதி வழி போயிருப்போம். வெயில் ஏதோ ஒரு கண்ணாடியில் பட்டு மினுங்கியது. பாத்திரத் தட்டு ஞாபகம் வந்தது. கத்தி அங்கேயேதான் நின்றது.

அப்போதே சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய் எடுத்துவர நேரம் இருந்தது; மே மாதத்தில் அந்த ஊரில் சாயங்காலம் லேசில் முடியாது. ஏற்கனவே ஒருமுறை திரும்பிவிட்டோம், மறுபடி திரும்பினால் நல்லதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மான் இன்று வரவே வராது, கத்தி எதற்கு என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் சாக்கு. உருக்குத் துண்டு அடுக்குகிறவன் என்று பெருமையடித்தேனே, அதை வைத்து அண்ணை என்னை ஒரு வருஷம் ஓட்டிவிடுவார் என்பதுதான் பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒருவர் கேலிக்குப் பயந்து பேசாமல் இருந்தேன்.

பெண்ணின் தந்தை பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு பரணில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இந்தப் பக்கம். அண்ணை குப்பியை அழுத்தினார். பழனி விபூதி எங்கள் முகத்தை நோக்கியே வந்தது, காற்று சாதகம். “நெத்தியிலை தானாவே பூசுப்படுது,” என்று கிசுகிசுத்தார். நான் சிரிக்கவில்லை. மான் வரக்கூடாது என்று தெரிந்த எல்லாத் தெய்வங்களிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியபோது புல்வெளி ஓரத்தில் வந்து நின்றது. சின்ன மான். அந்த ஊர் மான்கள் நம் ஊர் ஆட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. அண்ணை மூச்சைப் பிடித்து ஒரே ஒரு முறை சுட்டார். அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

கீழே இறங்கி மானின் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார். ஒரு பச்சைக் கிளையை ஒடித்து அதன் வாயில் வைத்தார். சாகடித்த மிருகத்துக்குக் கடைசிக் கவளம் கொடுப்பது அவர்கள் வழக்கம். நம் ஊரில் வாய்க்கரிசி போடுவதைப் பார்த்திருந்த எனக்கு அந்த நிமிஷம் அவர்கள் அந்நியராகத் தெரியவில்லை. பிறகு அண்ணை சட்டைக் கையை மடித்துவிட்டு என்னைப் பார்த்து, “கத்தியைத் தாரும்,” என்றார்.

பையைக் கொடுத்தேன். உறை வெறுமையாக இருந்தது. அவர் பாசியின்மேல் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கயிறு. கம்பளித் துண்டு. காலுறை. குடுவை. என் கைக்குட்டைகள். எல்லாவற்றையும் எடுத்த பிறகு பையைக் கவிழ்த்து உதறினார்.

“ஐசே, நீர்தானே கழுவினது?”

“கழுவித் தொடைச்சு உங்க கையில குடுத்தேனே அண்ணை.”

வாயில் தானாக வந்தது. ஆராய்ந்து சொன்ன பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

“என்ர கையிலையோ?”

“ஆமா. டிராயர்ல வச்சிட்டீங்களோ என்னமோ.”

அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் அன்றைய பகலே அவருக்கு நினைவில் இல்லை. “ஓம், வைச்சிருப்பன்,” என்றார் மெதுவாக. “விசரன் நான்.”

துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பெண்ணின் தந்தை பள்ளத்தாக்கைச் சுற்றி நடந்து வந்தபோது மான் விழுந்தபடியே கிடந்தது. வெயிலின் சூடு அடங்காத மாலை. ஈக்கள் வந்திருந்தன. அவர் மானைப் பார்த்தார், அண்ணையின் சுத்தமான கைகளைப் பார்த்தார், பாசியில் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்தார்.

“கத்தியை மறந்துவிட்டேன்,” என்றார் அண்ணை ஜெர்மனில்.

அந்த மனிதர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று இன்றும் யோசிப்பதுண்டு. தன் கத்தியை எடுத்துத் தானே மண்டியிட்டு வேலையை முடித்தார். வழக்கப்படி அண்ணையின் தொப்பியில் செருக வேண்டிய கிளையையும் ஒடித்துக் கொடுத்தார். கை குலுக்கி வாழ்த்தும் சொன்னார். பிறகு, “ஒரு ஜீவனைக் கொல்ல வரும்போது அதற்குப் பிறகு ஆக வேண்டியதையும் நினைக்க வேண்டும்,” என்றார். எனக்கும் புரியட்டும் என்பதுபோல் நிதானமாகச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

வீடு திரும்பியதும் கழிப்பறை அவசரம் என்று சொல்லி நான் முன்னால் மாடிக்கு ஓடினேன். தட்டில் இருந்த கத்தியை எடுத்து அவருடைய இழுப்பறையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “இஞ்சை கிடக்குது,” என்று தன்னையே நொந்துகொண்டு சிரித்தார். மறந்தது பிழை, பொய் சொன்னது பயம். ஆனால் அந்த இழுப்பறையைத் திறந்து மூடியதற்கு இன்றுவரை எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் எல்லாருக்கும் பியர் வந்தது. அறிவிப்பு வரவில்லை. “அடுத்த மே மாதம் பார்க்கலாம், நல்ல குறி இருக்கிறது உனக்கு,” என்று சொல்லி அண்ணையின் தோளைத் தட்டினார் பெண்ணின் தந்தை. ஊர்க்காரர்கள் அன்றே பெயர் வைத்துவிட்டார்கள்: கத்தியில்லாதவர். அண்ணையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பெண் மட்டும் சிரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம், தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்த தன் தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாயார் மாசி மாதக் கடுங்குளிரில் இறந்துபோனார். அடுத்த மே மாதம் அண்ணை இன்னொரு மானைச் சுட்டார். எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். பையை அவரே அடுக்கிக்கொண்டார். கோடையில் திருமணம் நடந்தது. பெண்ணின் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்குமேல் அந்த நாற்காலியைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது?

அந்தத் திருமணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், பேசி வைத்துக்கொண்டதுபோல், கத்தியாகவே பரிசளித்தார்கள். ரொட்டி வெட்டும் கத்தி, மீன் வெட்டும் கத்தி, பேனாக்கத்தி, பாதிரியார்கூட ஒரு சீஸ் கத்தி. அண்ணை ஒவ்வொன்றையும் தலைக்குமேல் தூக்கிக் காட்ட, கூடம் அதிர்ந்தது. நான் குத்துவிளக்குக் கொடுத்தேன். கத்தி கொடுக்காத ஒரே ஆள் நான்தான். “இவன் ஒருவன்தான் என்னைக் கேலி செய்யாதவன்,” என்று மனைவியிடம் சொல்லி என் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

ஆய்வு முடிந்து நான் ஊருக்கு வந்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. அவர் அந்தக் கிராமத்திலேயே இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தரம் அவரோடும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியோடும் பேசுவேன். போன மாதம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஏன் அன்று சொன்னேன் என்று தெரியவில்லை.

“அண்ணை, அந்தக் கத்தியை நீங்க மறக்கல. நான்தான் பாத்திரத் தட்டுல விட்டுட்டு வந்தேன். உங்க கையில குடுத்தேன்னு சொன்னது பொய். டிராயர்ல வச்சதும் நான்தான்.”

அந்தப் பக்கம், தூரத்தில் வானொலி ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தது.

“எங்கட கலியாணத்திலை மாமி இருந்திருப்பா, ஐசே,” என்றார்.

“அக்காகிட்ட ஃபோனைக் குடுங்க அண்ணை. அவங்ககிட்டயும் சொல்லணும்,” என்றேன்.

“சொல்லாதையும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ என்னை மறதிக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் கலியாணம் கட்டினவ. காலமை கண்ணாடியைத் தேடித் தாறா. மருந்தை எடுத்துத் தாறா. வாசல் மட்டும் வந்து, சட்டைப் பொக்கெற்றைத் தட்டிக் கதவுத் திறப்புக் கிடக்கோ எண்டு பாத்துப்போட்டுத்தான் விடுறா. எனக்கு இப்ப உண்மையிலையே ஒண்டும் நினைவிலை நிக்கிறேல்லை, ஐசே. போன கிழமை வீட்டுக்கு வாற பாதை தெரியேல்லை. ஆனால் அது அவவுக்குப் புதிசில்லை. நான் அந்தக் காலத்திலையே இப்பிடித்தான் எண்டு நினைச்சுச் சிரிக்கிறா. நீர் இப்ப, இவன் ஒண்டையும் மறக்காத ஆள் எண்டு சொன்னீரெண்டால்...”

அவர் முடிக்கவில்லை. யாரோ அறைக்குள் வரும் சத்தம் கேட்டது. அக்கா தொலைபேசியை வாங்கினார். என் முழங்காலைப் பற்றி விசாரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, நேற்று அண்ணை தபால் போடப் போய்க் கடிதத்தை அப்படியே பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார் என்றும், செருப்பு இரண்டும் வேறுவேறு ஜோடி என்றும் சொன்னார்.

“கத்தியையே மறந்துவிட்டுப் போனவர்தானே,” என்றேன். “அவர் எப்போதுமே அப்படித்தான்.”